தலைமாட்டுப் பலகை

நேற்றுப் பின்னேரம் வெண்கட்டியால் வட்டம் போட்டு வைத்த இடத்தில், இன்றைக்குக் காலையில் இரும்பு இல்லை.

யூட்சன் காந்தத்தை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தான். பழுதாய்ப்போன ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து எடுத்த காந்தம் அது. தூண்டில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வேப்பங்கட்டையின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போனால், உள்ளே இரும்பு கிடக்கிற இடத்தில் தன்பாட்டில் சாயும். இரும்பு மேலாகக் கிடந்தால் டக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். நேற்று இந்த வட்டத்துக்கு நேரேதான் சாய்ந்தது. இன்றைக்கு அதே வட்டத்துக்கு முன்னால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நேராகத் தொங்கியது. அவன் நூலை மேலே உயர்த்திக்கொண்டே போனான். ஒரு சாண் தாண்டியதும் காந்தம் கட்டையின் பக்கம் தலையைச் சாய்த்தது.

மற்ற நான்கு வட்டங்களும் அப்படித்தான். ஐந்தும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு, மேலே போயிருந்தன.

"கண்தான் பிசகிப்போச்சு" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். பழைய வட்டங்களைப் புறங்கையால் அழித்துவிட்டுப் புதிதாக ஐந்து போட்டான். மழை இருட்டில், அலுப்போடு போட்ட அடையாளம் தப்பாமல் இருந்தால்தான் அதிசயம் என்று நினைத்துக்கொண்டு, மரம் அறுக்கிற வாளின் பல்லைத் தீட்டப் போய்விட்டான்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் மரவேலை செய்கிற எவனும் காந்தம் பிடிக்காமல் மரத்தை வாளில் விடமாட்டான். இந்த ஊர் மரங்கள் எத்தனை வருசச் சண்டையின் துவக்குச் சன்னங்களையும் செல் துண்டுகளையும் விழுங்கிவிட்டு, மேலே பட்டையை மூடிக்கொண்டு, தளிரும் பூவுமாக நிற்கின்றன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல ஏலாது. முள்ளியவளையில் மரம் அறுத்து விற்கிற மரக்காலை ஒன்றை வைத்திருந்த தவராசா அண்ணை ஒரே ஒரு நாள் அவசரத்துக்குக் காந்தம் பிடிக்காமல் ஒரு பாலை மரக் குற்றியை அறுக்கப் போனார். வாள் சன்னத்தில் பட்டு, கழன்று பறந்த பல் அவருடைய இடது கண்ணில் போய் இறங்கியது. மனிசன் அதற்குப் பிறகு வாளின் சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைசியில் வட்டவாளையும் மேசையையும் கிடைத்த விலைக்கு யூட்சனிடம் தள்ளிவிட்டார்.

அந்த வாள்தான் இப்போது சிலாவத்தையில், யூட்சனின் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டிலுக்குள் நின்றது. மேசையின் நடுவே நீட்டாக ஒரு வெட்டு. அதற்குள்ளிருந்து அரை வட்டமாக எழும்பி நிற்கும் வாள். கீழே மோட்டரும் பட்டியும். சுவிச்சைத் தட்டினால் பட்டி இழுபட்டு மேசைக்கடியில் 'டொம்' என்று ஒரு குத்து விழும். அதற்குப் பிறகு கூவத் தொடங்கும். தாழ்வாகத் தொடங்கி, ஏறி, ஏறி, காதைக் கிழிக்கிற உயரத்துக்குப் போய் நிற்கும். மரம் பட்டதும்தான் அந்தக் கூவல் அடங்கி இரைச்சலாக மாறும்.

யூட்சனின் மனைவி நிறஞ்சனாவுக்கு அந்தத் தொடக்கம் மட்டும் ஆகாது. அறுக்கிறதைத் தாங்குவாள், தூளைத் தாங்குவாள், அந்தக் குத்தும் கூவலும் வந்தால் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். சண்டையின் கடைசி மாதங்களில் வட்டுவாகலில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த பிள்ளை அவள். தூரத்தில் செல்லைக் குத்தி ஏவுகிற சத்தம் கேட்டதும் பெரியவர்கள் "குத்திட்டான்" என்று கத்துவார்களாம். அதற்குப் பிறகு கூவிக்கொண்டு வருகிறது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யூட்சன் கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தான். சுவிச்சில் கை வைக்குமுன் வீட்டுப் பக்கம் திரும்பி, "போடுறன்" என்று ஒரு குரல் கொடுப்பான். உள்ளேயிருந்து "ஓம்" என்று வரும். அதற்குப் பிறகுதான் தட்டுவான். அவசரமோ ஆத்திரமோ, அந்த "ஓம்" வராமல் அவன் வாளைப் போட்டதே இல்லை.

இந்த வேப்பங்கட்டை வந்ததும் அவளால்தான். அவளுடைய தாய் அற்புதம், வட்டுவாகல் காணியில் இதே வேம்பில் முதுகைச் சாய்த்து, பத்து வயது நிறஞ்சனாவை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தபோதுதான் அந்தச் செல் பக்கத்தில் விழுந்தது. தாய் இருந்த இருப்பிலேயே போய்விட்டா. மகளுக்கு இடது தோளில் ஒரு துண்டு ஏறியது. மிச்சத் துண்டுகள் மரத்தில் ஏறின. தோளில் ஏறியதை எடுக்கப்போனால் நரம்பு போய்விடும் என்று ஆசுபத்திரியில் விட்டுவிட்டார்கள். மழைக்குளிர் தொடங்கினால் அந்த இடம் குத்திக் குத்தி இழுக்கும். ஒவ்வொரு மாரியும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடந்தாள்.

இப்போது அவளுக்கு எட்டு மாதம். நான்கு வருசம் நேர்த்தி வைத்து, மடு மாதா கோயிலுக்கு நடையாய் நடந்து கிடைத்த பிள்ளை. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இல்லையே என்ற ஏக்கம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. காணியில் வீடு கட்ட அந்த வேம்பைத் தறிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அழுது பிடிவாதம் பிடித்தாள்.

"அம்மா சாய்ஞ்சிருந்த மரம். அதிலை எனக்கொரு கட்டில் செய்து தாங்கோ. பிள்ளையோடை வந்து அதிலைதான் படுப்பன்."

மரக்காலைக்காரர்கள் வட்டுவாகல் மரம் என்றதும் கிட்டவும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அஜந்தன்தான் மாரியில் கடலுக்குப் போகாமல் சும்மா இருந்ததால், மெசின் வாளைக் கொண்டுவந்து குற்றியை நாலாய்ப் பிளந்து கொடுத்தான். மூன்று துண்டுகளில் காந்தம் அசையவே இல்லை. அவற்றில் கட்டிலின் காலும் சட்டமும் தட்டும் முடிந்து, கட்டில் அறைக்குள் போய்விட்டது. நாலாவது துண்டு தாய் முதுகைச் சாய்த்த பக்கம். அதில் ஐந்து இடத்தில் காந்தம் சாய்ந்தது. தலைமாட்டுப் பலகை அதிலிருந்துதான் வரவேண்டும் என்பது நிறஞ்சனாவின் கட்டளை.

கொட்டிலின் வளையில் முட்டக்கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்த அந்தக் கட்டையில் அவள் தினமும் பின்னேரம் வந்து முதுகைச் சாய்த்துக் குந்தியிருப்பாள். அன்றைக்கும் பிளேன்ரீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல இறங்கிச் சாய்ந்தாள்.

"தூளெல்லாம் ஒட்டும், கதிரையைப் போடட்டோ?"

"வேண்டாம். இதிலை சாய்ஞ்சால் தோள் சுகமாக் கிடக்கு. அம்மா தடவிவிடுற மாதிரி."

யூட்சன் சிரித்தான். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் விளையாட்டாகக் காந்தத்தை அவளுடைய தோளில் பிடித்துப் பார்த்தவன் அவன். காந்தம் சாய்ந்தது. "பாத்தீங்களே, நானும் ஒரு வட்டுவாகல் வேம்புதான், வாளிலை விட்டிடாதேங்கோ" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஞாபகம் வந்துதான் இப்போதும் சிரித்தான்.

மறுநாள் காலை வட்டங்கள் மறுபடியும் வெறுமையாய் இருந்தன.

இந்தத் தடவை அவன் கண்ணைக் குறை சொல்லவில்லை. ஏனென்றால் நேற்று வட்டம் போட்டபோது வெளிச்சம் நன்றாக இருந்தது, மனமும் அதிலேயே இருந்தது. காந்தம் இன்னும் மேலே, கட்டையின் நடுப் பாகத்தில் சாய்ந்தது. ஐந்து இடங்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்தன. முதல் நாள் கட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தவை, இப்போது விரித்த கைக்குள் அடங்கிவிடும்.

அஜந்தன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். யூட்சன் விசயத்தைச் சொன்னதும் அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"இரும்புக்குக் கால் முளைச்சிட்டுதோ மச்சான்? உன்ரை காந்தம்தான் கிழண்டிப்போச்சு."

"ஒருக்காப் பிடி. தலைகீழாக்கி வைப்பம்."

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக் கட்டையைப் பிரட்டி, மேல்நுனி கீழே வரும்படி நிமிர்த்தினார்கள். உள்ளே கிடக்கிற இரும்பும் மரத்தோடு பிரண்டுதானே ஆகவேண்டும். யூட்சன் புது வட்டங்களை வெண்கட்டிக்குப் பதிலாகக் கத்தி நுனியால் கீறினான். பின்னேரம் வழக்கம்போல் நிறஞ்சனா வந்து சாய்ந்தாள். தோள் நோவு இன்னும் குறைந்துவிட்டது என்றாள்.

அடுத்த நாள் அஜந்தன் தானே காந்தத்தை வாங்கிப் பிடித்தான். கத்தியால் கீறிய வட்டங்கள் அசையாமல் அப்படியே இருந்தன. காந்தம் அவற்றைத் தாண்டிப் போய், நிலத்தில் குந்தியிருக்கிற ஒரு மனிசியின் தோள் உயரத்தில், சாயவில்லை, பாய்ந்து ஒட்டியது. இழுத்து எடுக்க விரலில் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. அஜந்தன் நூலை யூட்சனிடம் கொடுத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

"கடலிலை போட்டிடு" என்றான். நேற்று மாதிரிப் பகிடி விடவில்லை. படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

யூட்சன் காதைக் கட்டையில் வைத்தான். வேம்பின் கசந்த வாசம் மூக்கில் ஏறியது. மழைத்துளி தகரத்தில் விழுகிற சத்தம், எங்கேயோ ஒரு கோழி, தன்னுடைய இரத்தம் காதுக்குள் ஓடுகிற சத்தம், இவ்வளவும் கேட்டன. நீண்ட நேரம் வேறொன்றும் இல்லை. தலையை எடுக்கப்போன நேரத்தில் உள்ளே, காதுக்கு மிகக் கிட்ட, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கிற மாதிரி, 'டிக்' என்றது.

அவனுக்குப் பயம் வந்தது. எட்டு மாதத்துக்காரியிடம் இதைச் சொல்ல முடியாது. கட்டையைத் தூக்கி எறியவும் முடியாது. தாய் சாய்ந்த பக்கம் எங்கே என்று கேட்டு ஊரைக் கூட்டிவிடுவாள். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரும்பு மேல்முகத்துக்கு வந்துவிட்டது. அந்த முகத்தை மட்டும் இரண்டு விரல்தடிப்பில் வாளால் சீவி எடுத்துவிட்டால், சீவின பலகையோடு ஐந்தும் போய்விடும். அதை நந்திக்கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மிச்ச மரத்தில் தலைமாட்டைச் செய்யலாம். அன்றைக்குப் பின்னேரமே செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தான்.

ஆனால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மழை அடித்து ஊற்றத் தொடங்கியது. கொட்டிலுக்கு வரும்போது நிறஞ்சனா அங்கே இருந்தாள். கட்டையில் சாய்ந்தபடி, வாய் சற்றுத் திறந்தபடி, அசந்து தூங்கிப்போயிருந்தாள். எவ்வளவு நேரமாக இருந்தாளோ தெரியாது. எழுப்பிக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டான். அவளுடைய சட்டையின் தோளில் நீலமும் கறுப்புமாக ஈரக்கறை ஒன்று பிடித்திருந்தது. ஈர வேம்பின் சாயம் என்று நினைத்தான்.

திரும்பிப் போய்க் கட்டையை தடியால் நெம்பி, உருளையில் ஏற்றி, மேசைக்குக் கொண்டுவந்தான். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வாளைக் கையால் சுற்றிப் பல் பல்லாகப் பார்த்தான். கழன்றது ஒன்றும் இல்லை. கட்டை ஓடவேண்டிய வழிச்சட்டத்தை இறுக்கினான். இருப்பது காந்தத்தில் பாய்ந்து ஒட்டுகிற இரும்பு. அதைத் தொடாமல், அதற்கு உள்ளால், நல்ல மரத்தில், வாள் போகவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் தவராசா அண்ணையின் கண்தான். வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கமாக ஒதுங்கினான். வாள் கவ்வினால் பலகை பின்னால்தான் பறக்கும். பிளக்கைக் குத்தினான்.

"போடுறன்."

"ஓம்" என்று அறைக்குள்ளிருந்து நித்திரைக் குரலில் வந்தது.

டொம். கூவல் ஏறியது. ஏறி நின்றது. கட்டையைத் தள்ளினான். வாள் மரத்தைத் தொட்டதும் சத்தம் அடங்கி, வெட்டுவாயிலிருந்து மஞ்சள் தூள் ஈரத்தோடு பீறியது. கசப்பு நாக்கில் ஒட்டியது. தள்ளத் தள்ளச் சீராக இறங்கியது. தலைக்கு மேல் தொங்கிய குமிழ் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. மழையின் இரைச்சலுக்குள் வாளின் இரைச்சல் கலந்து, உலகத்தில் வேறொரு சத்தமும் இல்லாமல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தைரியமும் வந்தது.

பாதி போனதும் வாள் திணறியது. சத்தம் தடித்தது. யூட்சன் உடனே சுவிச்சை அணைத்தான். வெட்டின வாய் பின்னால் மூடிக்கொண்டு வாளைக் கவ்வியிருந்தது. ஈர மரத்தில் இது நடக்கிறதுதான். ஒரு ஆப்பை எடுத்து வெட்டுவாய்க்குள் வைத்துச் சுத்தியலால் அடித்தான். வாய் விரிந்தது.

"போடுறன்."

கொஞ்சம் தாமதித்து, "ஓம்."

டொம். கூவல். இரைச்சல். கை தள்ளியது. கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. அவன் திரும்பினான். ஆப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. அதிர்வுக்குக் கழன்று விழுகிறது என்றால் விழவேண்டும். அது விழவில்லை. மெல்ல, நேராக, உள்ளேயிருந்து யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி வந்து, நுனி வெளியே தெரிந்ததும் மேசையில் சாய்ந்தது.

வாளை நிறுத்தினான். இன்னொரு ஆப்பை எடுத்தான். பெரியது. பாலை. உள்ளங்கை நோக நோக அடித்து இறக்கினான்.

"போடுறன்."

பதில் இல்லை. மழைதான் கேட்டது. கூப்பிட்டுப் பார்க்கலாம், போய்ப் பார்க்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னும் ஒரு முழம்தான் மிச்சம் என்று கை சொன்னது. அவன் சுவிச்சைத் தட்டினான். "ஓம்" வராமல் வாளைப் போட்டது அதுதான் முதல் தடவை.

டொம்.

கூவல். தள்ளினான். அரை முழம். ஆப்பு அசைந்தது. பார்க்காதே. தள்ளு. ஒரு சாண். ஆப்பு தெறித்தது. வாய் மூடியது. வாள் கத்தியது.

சீவின பலகை அவனுடைய இடுப்பை உரசிக்கொண்டு பறந்தது. பின்னால் தகரம் கிழிகிற சத்தம். அதே நேரம் விளக்கு அணைந்தது. அயல் முழுக்க அணைந்தது. இருட்டுக்குள் வாள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்ந்து, தாழ்ந்து, பல் பல்லாக எண்ணலாம் போலத் தாழ்ந்து, நின்றது.

அவன் தடவித் தடவிப் பிளக்கைக் கழற்றினான். கழற்றின பிளக்கை மேசைக்கு மேல் வைத்து, அது அங்கே இருக்கிறது என்று இன்னொரு தடவை தொட்டும் பார்த்தான். இடுப்பில் சட்டை கிழிந்திருந்தது, தோலில் ஒரு கோடு எரிந்தது, அவ்வளவுதான். இடப்பக்கம் ஒதுங்கி நின்றதற்கு மாதாவுக்கு நன்றி சொன்னான். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, கிழிந்த தகரத்துக்கால் வெளியே போய், மழைக்குள் குப்புறக் கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அறுத்த பக்கம் நல்ல மரம். அதில் கறுத்த நீலத்தில் ஐந்து கோடுகள் ஓடின. இரும்பு கிடந்து ஊறிய மரம் அப்படித்தான் கறுக்கும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் இவை கிடந்த கறை இல்லை. புழு அரித்துப் போன வழி மாதிரி வளைந்து வளைந்து, ஒன்றையொன்று தேடி வந்து, ஓரிடத்தில் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் மரத்துக்குள் ஓட்டை. பலகையைப் பிரட்டி மேல்முகத்தைப் பார்த்தான். ஓட்டை அந்தப் பக்கமாக வெளியே திறந்திருந்தது. சுண்டுவிரல் போகும். ஓரத்தில் மரம் ஈரமாய், மெதுமெதுவென்று இருந்தது.

காந்தத்தைப் பிடித்தான். நேராகத் தொங்கியது. மேலே கொண்டுபோனான். கீழே கொண்டுபோனான். மிச்சக் கட்டையிலும் பிடித்தான். மேசைக்கடியில், தூளுக்குள், நிலத்தில். எங்கேயும் இல்லை.

ஓட்டை இருந்தது குந்தியிருக்கிற மனிசியின் தோள் உயரத்தில். இடது தோள். அந்த ஈரக்கறை அவனுக்கு ஞாபகம் வந்தது. காந்தத்தை எறியவும் தோன்றாமல் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடினான்.

நிறஞ்சனா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாடு இல்லாத கட்டில். குசினியில் பின்னேரமே கொளுத்தி வைத்த லாம்பின் வெளிச்சம் கதவால் விழுந்து அவளுடைய முகத்தில் பாதியைக் காட்டியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நனைஞ்சு போய் வாறியள்? இஞ்சாருங்கோ, ஒரு புதினம் தெரியுமே? எனக்குத் தோள் நோகேல்லை. இந்த மழைக்குள்ளையும் கொஞ்சமும் நோகேல்லை. உள்ளுக்கை கிடந்தது இல்லாமலே போன மாதிரிக் கிடக்கு."

கட்டிலின் ஓரத்தில் இருந்தான். சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தான். பழைய தழும்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல், இரத்தம்கூட இல்லை, வாய் மூடிய சின்னக் கீறல். காந்தத்தை அங்கே பிடித்தான்.

"திரும்பவும் விளையாட்டோ?" என்று அவள் சிரித்தாள்.

காந்தம் நேராகத் தொங்கியது. கலியாணம் முடித்த புதிதில் காந்தம் சாய்ந்த தோள் அது. இப்போது ஒன்றும் இல்லை. அவன் நூலை இறக்கினான். முதுகில் இல்லை. விலாவில் இல்லை. கை தன்பாட்டில் இறங்கிக்கொண்டே போனது. வேண்டாம் என்று நினைத்தான். இறங்கியது.

வயிற்றுக்கு நேரே வந்ததும் நூல் அவனுடைய விரலிலிருந்து பறிபட்டது. காந்தம் சட்டைத் துணியோடு வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, குளிருது" என்றாள். "பாருங்கோ, இவன் எப்பிடி உதைக்கிறான் எண்டு."

வயிறு புடைத்து எழும்பியது. தாழ்ந்தது. காந்தம் விழவில்லை. அவன் அதைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி இருந்தது. அவன் கட்டிலில் முகத்தைச் சாய்த்துக் காதை அவளுடைய வயிற்றில் வைத்தான். பிள்ளையின் இதயம் கேட்கும் என்று நம்பித்தான் வைத்தான்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து, டிக். ஒன்றோடு ஒன்று பொருந்துகிற சத்தம். மரத்தில் கிடந்தவை ஐந்து, தோளில் கிடந்தது ஒன்று. எல்லாம் ஒரே செல்லின் துண்டுகள். டிக். பிறகு சத்தம் இல்லை. பொருந்தி முடிந்துவிட்டது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான்.

எங்கேயோ மிகத் தூரத்தில், ஆழத்தில், டொம் என்றது.

நிறஞ்சனாவின் சிரிப்பு நின்றது. தலையைத் தூக்கிக் கொட்டில் பக்கம் பார்த்தாள்.

"வாளைப் போட்டிட்டோ வந்தனீங்கள்?"

"கரண்ட் இல்லை" என்றான். "பிளக்கையும் கழட்டிப்போட்டன், நிறா."

"அப்ப என்ன கூவுது?"

அவனுக்கும் கேட்டது. தாழ்வாகத் தொடங்கி, ஏறி, ஏறி வந்தது. கொட்டில் பக்கமிருந்து வரவில்லை. வானத்திலிருந்தும் வரவில்லை. அவன் காதை வைத்திருந்த இடத்திலிருந்து, தோலுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தது. காந்தம் அவளுடைய வயிற்றில் நடுங்கத் தொடங்கியது.

அவளுடைய முகம் மாறியது. அவன் ஒருநாளும் காணாத முகம், பத்து வயதுப் பிள்ளையின் முகம். அவள் முழங்காலை மடக்கி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, தலைமாட்டுப் பலகை இருக்கவேண்டிய வெறும் இடத்தில் முதுகைச் சாய்த்தாள்.

"அம்மா, குத்திட்டான்" என்றாள்.

கூவல் கிட்ட வந்துகொண்டிருந்தது.